பிரைட்டன்: கடலை விற்ற ஊரில் குடியிருந்தவர்கள்

இன்றைக்கு நாம் பேசப்போகிற ஊர் பிரைட்டன். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். மணல் கிடையாது, கரை முழுக்கக் கூழாங்கல்தான். தண்ணீர் கோடையிலேயே நடுக்கும். ஆனாலும் இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் கடலைப் பார்க்க அங்கே போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஊர்களைப் பற்றிப் படித்தால் கிடைப்பதெல்லாம் வந்துபோனவர்களின் கதைதான். எந்த இளவரசர் வந்தார், எந்த ஓட்டலில் தங்கினார், அப்படி. அவருக்குத் துணி துவைத்தது யார், மீன் கொடுத்தது யார், அவர் ஊருக்குத் திரும்பின பிறகு குளிர்காலத்தை எப்படித் தள்ளினார்கள் என்பதற்குப் புத்தகத்தில் ரெண்டு வரி இருந்தால் அதிகம். இன்றைக்கு நான் அந்த ரெண்டு வரிக்காரர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் அது மீனவர் ஊர். பழைய பெயர் பிரைட்ஹெல்ம்ஸ்டன். 1703, 1705 புயல்களில் கடலோரத்து வீடுகள் நிறைய அழிந்துபோயின. ஊர் நொடித்துக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்கிற மருத்துவர் கடல்நீர் வைத்தியம் பற்றி 1750-ல் லத்தீனில் ஒரு நூல் எழுதுகிறார். கடல்நீரில் குளிப்பது மட்டுமில்லைங்க, அதைக் குடிக்கவும் சொன்னார்! பணக்கார நோயாளிகள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மீன் தராத வருமானத்தைத் தண்ணீர் தந்தது.

ஊர் நடுவில் ஸ்டீன் என்று ஒரு புல்வெளி. மீனவர்கள் வலை உலர்த்துகிற இடம் அது. கடல் கொந்தளித்தால் படகுகளை இழுத்து வைக்கிற இடமும் அதுதான். வந்தவர்களுக்கு மாலையில் உலாவ ஒரு இடம் வேண்டும், ஊரில் சமதளமான திறந்தவெளி என்று இருந்தது இது ஒன்றுதான். பட்டுப் பாவாடை போட்ட சீமாட்டிகளும் விரித்துப்போட்ட வலைகளும் ஒரே புல்லில் எத்தனை நாள் இருக்க முடியும்? பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் வேலி வந்தது. வலைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயின. யாரும் ஒரே நாளில் மீனவர்களைத் துரத்தவில்லை. வருஷத்துக்கு வருஷம் இடம் சுருங்கியது, அவ்வளவுதான்.

ஆனால் அதே கூட்டம்தான் புது வேலைகளையும் கொண்டுவந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டிப்பர் வேலை. அந்தக் காலத்தில் பெண்கள் கடலில் குளிப்பது எப்படி என்றால், சக்கரம் வைத்த மரக்கூண்டு ஒன்று இருக்கும். உள்ளே உட்கார்ந்து உடை மாற்றிக்கொள்ள வேண்டும். குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். படியில் இறங்கினால் கீழே கனத்த உடுப்போடு, வாட்டசாட்டமான ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். அவர் பிடித்து ஒரே முக்கு முக்கி எடுப்பார். அந்த அம்மாதான் டிப்பர். நோயாளி கத்தினாலும் விடமாட்டார், அதற்குத்தானே காசு!

அவர்களில் பேர்போனவர் மார்த்தா கன். 1726-ல் பிறந்தவர். கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க இந்த வேலை பார்த்து, 1815-ல் இறந்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1783-ல் முதன்முதலாக பிரைட்டனுக்கு வந்தார். அவருக்கு மார்த்தா மேல் தனிப் பிரியம். அரண்மனைச் சமையலறைக்குள் போய்வர இந்த அம்மாவுக்குத் தடையே இல்லை. ஒரு நாள் அங்கே வெண்ணெய்க் கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாராம். இளவரசர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல், பேசிக்கொண்டே மெதுவாக அடுப்புப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், வெண்ணெய் உருகி உடுப்பில் வழிகிறவரை நிறுத்தி வைத்தாராம். நடந்ததோ இல்லையோ, ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு என்னவோ அந்த வெண்ணெய்தான் கண்ணில் நிற்கிறது. இத்தனை புகழ் இருந்தும், வீட்டுக்கு வெண்ணெய் கொண்டுபோக அந்த வழிதான் இருந்தது என்கிற மாதிரி.

இதே ஊரில் பீபி ஹெஸ்ஸல் என்று இன்னொரு கிழவி இருந்தார். இளமையில் ஆண் வேடம் போட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவர் என்று பெயர். பிரைட்டனில் ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டார். கணவர் போன பிறகு கழுதையில் மீன் ஏற்றிப் போய் விற்றார். முடியாத வயசில் தெருமுனையில் உட்கார்ந்து இஞ்சிரொட்டியும் ஆரஞ்சும் விற்றார். இளவரசர் அவருக்கு ஒரு உதவித்தொகை ஏற்பாடு செய்தார். 1821-ல் இறந்தபோது அவருக்கு 108 வயசு என்பது கணக்கு. வந்துபோகிறவர்களுக்கு அவர் ஒரு காட்சிப்பொருள். அவருக்கு அது பிழைப்பு.

வெளியிலிருந்து பிழைக்க வந்து ஊர்க்காரர் ஆனவர்களும் உண்டு. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது அப்படி வந்தவர்தான். கம்பெனிப் பட்டாளத்தோடு சுற்றி, அயர்லாந்து போய், ஜேன் டேலி என்கிற பெண்ணை மணந்தார். 1794-ல் தன் பயணங்களைப் புத்தகமாக்கினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான். 1810-ல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்டு, ரெண்டே வருஷத்தில் நொடித்துப்போனார். ஐம்பது வயசு தாண்டி, பிள்ளைகுட்டிகளோடு, 1814 வாக்கில் பிரைட்டனுக்கு வருகிறார். கடலோரத்தில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதுமாக ஒரு நிலையம் தொடங்குகிறார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஷாம்பூயிங்’. அழுத்திப் பிடித்துவிடுவதற்கான இந்திச் சொல்லிலிருந்து வந்தது. நாம் இன்றைக்குத் தலைக்குப் போடுகிற ஷாம்பு அந்தச் சொல்தான். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ரெண்டு மன்னர்களுக்கும் அவர் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’. இதில் ஒன்று கவனியுங்க. கடல் வைத்தியத்தையே நம்பி வாழ்கிற ஊர் என்பதால்தான் இந்த மனிதருக்கு அங்கே கதவு திறந்தது.

1801 கணக்கெடுப்பில் பிரைட்டனில் சுமார் 7,000 பேர். 1851-ல் 65,000-க்கு மேல். இவ்வளவு பேர் எங்கே இருந்தார்கள்? கடலைப் பார்த்த வெள்ளை மாளிகைகளில் இல்லை. அவற்றுக்குப் பின்னால், சாக்கடை வசதி இல்லாத சந்துகளில். 1849-ல் எட்வர்ட் கிரெசி என்கிற பொறியாளர் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஆரோக்கியத்தை விற்கிற ஊரின் பின்கட்டு எப்படி இருந்தது என்று அதில் பார்க்கலாம். இந்தச் சந்துகளில் சில, அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரம்.

இதற்கிடையில் 1841-ல் ரயில் வந்துவிட்டது. லண்டன் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ராத்திரி திரும்ப முடிந்தது. சீமான்களுக்கு அது பிடிக்கவில்லை. கோடையை அவர்களுக்கு விட்டுவிட்டு, தங்கள் ‘சீசனை’ இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளிக்கொண்டார்கள். விக்டோரியா ராணிக்கும் ஊர் ஒத்துவரவில்லை. வெளியே கிளம்பினால் கூட்டம் பின்னாலேயே வருகிறது, அறையிலிருந்து கடலும் சரியாகத் தெரியவில்லை. 1845-க்குப் பிறகு அங்கே தங்க வரவே இல்லை. ஜான் நாஷ் இந்தியக் குவிமாடங்களோடு கட்டிய ராயல் பெவிலியன் அரண்மனையில் இருந்த சாமான்கள் லண்டனுக்குப் போயின. கட்டடத்தை இடித்து மனையை விற்றுவிடலாம் என்கிற பேச்சு.

இங்கேதான் ஊர்க்காரர்கள் கதைக்குள் வருகிறார்கள். அரண்மனையை ஊரே வாங்கலாமா என்று 1849-ல் வாக்கெடுப்பு. வரிப்பணம் போகுமே என்று கடும் எதிர்ப்பு. வாங்கலாம் என்றவர்கள் 1,343. வேண்டாம் என்றவர்கள் 1,307. வெறும் 36 வாக்கு! 1850-ல் 53,000 பவுண்டுக்கு ஊர் அதை வாங்கியது. ராஜா விருந்து வைத்த மண்டபத்தில் கடைக்காரர்களும் அவர்கள் வீட்டார்களும் நடனமாடினார்கள், பூக்கண்காட்சி வைத்தார்கள், கூட்டம் போட்டார்கள். இருநூறு வருஷக் கதையில் ஊர்க்காரர்கள் ஒரு தெரு பின்னால் போகாமல், ஒரு தெரு முன்னால் வந்தது இந்த ஒரு தடவைதான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். ரயில் கூட்டத்தைத் தாங்கியது யார் என்றால், வாடகைக்கு அறை விடுகிற பெண்கள். ஆங்கிலேயர்கள் ‘லேண்ட்லேடி’ என்று ஆயிரம் கிண்டல் பண்ணிவிட்டார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும், மழை பெய்தாலும் சரி. மேஜையில் இருக்கிற உப்பு, மிளகுக்குத் தனிக் கட்டணம். இப்படி. அந்த அம்மா பக்கத்திலிருந்து பாருங்க. கடற்கரை ஊர்களில் வெகுநாள் இருந்த வழக்கம், தங்குகிறவர்கள் தங்கள் கறி, காய்கறியைத் தாங்களே வாங்கிவருவது. ஆறு குடும்பம் என்றால் ஆறு விதமான சாமான். எது யாருடையது என்று மாறாமல், ஒரே அடுப்பில், ஒரே நேரத்துக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நல்ல அறையெல்லாம் விருந்தாளிக்கு. சொந்தப் பிள்ளைகள் அடுப்படியிலோ நிலவறையிலோ படுத்துக்கொள்ளும். அந்த எட்டு, பத்து வாரத்தில் சம்பாதித்ததில் வருஷம் முழுக்க வாடகையும் கரிச் செலவும் போக வேண்டும். உப்புக்குக் காசு கேட்டது கஞ்சத்தனமா, கணக்கா?

எல்லோரும் சீசனையே நம்பியிருக்கவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டி எஞ்சின் தொழிற்சாலை இருந்தது. 1852-லிருந்து 1957 வரை 1,200-க்கும் மேற்பட்ட நீராவி எஞ்சின்கள் அங்கே கட்டப்பட்டன. குளிர்காலத்திலும் வாரச் சம்பளம் வருகிற வீடு என்றால் கடைக்காரர் கடன் கொடுப்பார்.

முதல் உலகப்போரில் இன்னொரு விதமான விருந்தாளிகள் வந்தார்கள். காயம்பட்ட இந்திய வீரர்கள். 1914 டிசம்பரிலிருந்து பெவிலியன் அவர்களுக்கு மருத்துவமனை. சாதி, மத வழக்கம் பார்த்து அங்கே ஒன்பது சமையலறைகள், தனித்தனிக் குழாய்கள். குவிமாடத்துக்குக் கீழே படுத்திருக்கிற சிப்பாய்களின் படம் போட்ட தபால் அட்டைகள் விற்றன. மேட்டில் இருந்த ஏழைகள் விடுதியையும் மருத்துவமனையாக்கினார்கள். அங்கே இருந்த ஊர் ஏழைகளை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். தபால் அட்டையில் வராத ஒன்றும் உண்டு. அந்த மேட்டு மருத்துவமனையைச் சுற்றி முள்கம்பி வேலி. சிப்பாய்கள் தன்னிஷ்டத்துக்கு ஊருக்குள் போய்வரக் கூடாது, முக்கியமாக ஊர்ப் பெண்களோடு பழகிவிடக் கூடாது என்பதுதான் கவலை. இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றில் தகனம் செய்தார்கள். அங்கே வெள்ளைப் பளிங்கில் சத்ரி என்கிற மண்டபம் 1921-ல் திறக்கப்பட்டது.

பிறகு சேரிகளை இடித்தபோது, 1920, 30-களில், அந்தக் குடும்பங்களுக்கு மவுல்ஸ்கூம், வைட்ஹாக் பகுதிகளில் நகராட்சி வீடு கிடைத்தது. நல்ல வீடு, தோட்டத்தோடு. ஆனால் வேலை இருக்கிற கடற்கரை தள்ளிப்போனது. படகுகள் 1970-களில் கட்டின மரீனா பக்கம் ஒதுங்கின. கடற்கரை வளைவுகளில் இப்போது மீன்பிடி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மேற்குப் பாலத்தை 1975-ல் மூடினார்கள். 2003-ல் அது எரிந்தது. இரும்பு எலும்புக்கூடு இன்னும் கடலில் நிற்கிறது, அதையும் படம் பிடிக்கிறார்கள். லண்டனுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள், வார இறுதிக்கு மட்டும் வீடு வைத்திருப்பவர்கள், நாள் வாடகை வீடுகள் என்று இப்போது வாடகை ஏறிக் கிடக்கிறது. ஓட்டலில் படுக்கை மாற்றுகிறவர், காபிக் கடையில் நிற்கிறவர், இவர்களெல்லாம் இன்னும் ஒரு தெரு பின்னால்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், கடற்கரையிலிருந்து மேடேறி செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்துக்குப் போங்கள். ஊரின் பழைய தேவாலயம் அதுதான். மார்த்தா கன், பீபி ஹெஸ்ஸல், 1851-ல் இறந்த தீன் முகமது, மூன்று பேரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கல்லில் எழுத்து கொஞ்சம் தேய்ந்திருக்கும், வெயில் சாய்கிற நேரமாகப் பார்த்துப் போனால் படிக்கலாம்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.