கேம்பர் வண்டியும் கொல்லன் உலையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்க வாழ்க்கை பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். விசா, கிரீன் கார்டு பற்றியெல்லாம் பேச என்னைவிட விவரமானவர்கள் இங்கே உண்டு. நான் கொல்லுப் பட்டறை பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

2018 செப்டம்பரில் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊருக்குப் போனேன். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கேம்பரில்தான் பயணம். இங்கே டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவோமே, அது மாதிரி பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு குட்டி வீடு. இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, திரும்ப முடியாத ஒரு பாத்ரூம்.

கிளம்புவதற்கு முன் மனிதர் ஒரு மணி நேரம் சாமான் அடுக்கினார். டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இழுக்கும் கொக்கியின் மேல் விழ வேண்டுமாம். பாரம் பின்பக்கம் போனால் நெடுஞ்சாலையில் வண்டி பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். எண்பது கிலோ அடைகல்லை, அதாவது ஆன்விலை, அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, சங்கிலி போட்டு இறுக்கினார். ஸ்டாடிக்ஸ் தாளில் நாம் எழுதிய மொமெண்ட் கணக்கை அவர் காலால் உதைத்துப் பார்த்தே முடித்துவிட்டார்!

ஐ-75 சாலையில் டொலீடோ, லைமா தாண்டி நேர் தெற்கே போனோம். இருபுறமும் மக்காச்சோளமும் பழுத்து மஞ்சளான சோயாவும்தான். வழியில் வாபகோனெட்டா வருகிறது. நிலவில் முதலில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஊர் அது. மியூசியக் கூரையின் வெள்ளை உருண்டை சாலையிலிருந்தே தெரியும். இறங்கவில்லை. இருட்டுவதற்குள் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று நண்பருக்கு அவசரம்.

கூட்டத்தை நடத்துவது 'சதர்ன் ஒஹையோ ஃபோர்ஜ் அண்டு ஆன்வில்' என்ற கொல்லர் சங்கம். சுருக்கமாக 'சோஃபா'. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஆளை நான் பார்க்கவில்லை. நாங்கள் போன வருஷம் கவுண்டியின் பொருட்காட்சித் திடலில் நடந்தது. கேம்பர்களை அங்கேயே நிறுத்தித் தங்கலாம். விடிந்ததும் கரிப்புகை வாசனை. பிக்கப் வண்டிகளின் பின்கதவைத் திறந்து போட்டு வியாபாரம்: குறடு, சம்மட்டி, துருப்பிடித்த வைஸ், அடைகல்.

அடைகல் வாங்குவதே ஒரு கலை. பழைய இங்கிலாந்து கல்லில் 1, 2, 10 என்று மூன்று எண் வெட்டியிருக்கும். முதல் எண் 112 பவுண்டுக் கணக்கு, நடு எண் 28 பவுண்டுக் கணக்கு, கடைசி எண் சில்லறை. ஆக 112, 56, 10, மொத்தம் 178 பவுண்டு. வாங்க வந்தவர் ஒரு பேரிங் குண்டை மேலே போட்டு, எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று பார்ப்பார். மேல் தகடு நன்றாகக் கடினமாக இருந்தால் குண்டு போட்ட உயரத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பி வரும்.

ஒரு கூடாரத்தில் பெரியவர் ஒருவர் பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு உலைப்பற்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெங்காரம் தூவி, இரும்பு வெளுக்கும் வரை காய்ச்சி, லேசாகத் தட்டி இரண்டு துண்டை ஒட்டுவது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை ஒட்டவில்லை. மூன்றாம் முறை நெருப்புக்குள் பொறி சிதறும் வரை காத்திருக்கச் சொன்னார். ஒட்டியது. அடுத்து உளியை நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும் பக்குவம். கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றை எடுத்தார். காய்ந்த இரும்பில் காந்தம் பிடிக்காமல் போனதும், இன்னும் கொஞ்சம் காய்ச்சி, தோய். அவ்வளவுதான். நமக்கு அது 770 டிகிரி, க்யூரி பாயிண்ட். தேர்வில் இரண்டு மதிப்பெண்.

சனிக்கிழமை ராத்திரி தொப்பிக் குலுக்கல். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து வைக்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், பணம் சங்கத்துக்கு. எனக்கு ஒரு கதவுக் கொக்கி விழுந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் அங்கே பரம்பரையாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கையால் இரும்படிக்கும் தொழில் அங்கே ஏறக்குறைய அற்றுப்போன நிலையில்தான் 1969-இல் அலெக்ஸ் பீலர் என்பவர் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1973-இல் ஜார்ஜியா மாநிலத்து லம்ப்கினில் சில பேர் கூடி வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த கிழவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுக் கேட்டுக் கற்றார்கள்.

நான் தென்னிந்தியன் என்று தெரிந்ததும் ஒரு இளைஞன் ஓடிவந்து, "ஊட்ஸ்?" என்றான். நம் சேலம் பக்கத்து மூசை உருக்கு! ஃபாரடே லண்டனில் ஆராய்ந்தது. அயோவா பேராசிரியர் வெர்ஹோவனும், ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்த ஆல் பெண்ட்ரேயும் சேர்ந்து உழைத்து, அந்த எஃகின் நீரோட்டக் கோலத்துக்கு வனேடியம் போன்ற மாசுகள் இம்மியளவு இருப்பதே காரணம் என்று 1998-இல் எழுதினார்கள். பேராசிரியரும் கொல்லரும் ஒரே கட்டுரையில், கவனியுங்கள். அந்தப் பையன் விவரமெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க ஊர்க் கொல்லர்கள் எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்டான். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பதைச் சொன்னேன். "எந்த நிறத்தில் தோய்ப்பார்கள்?" என்றான். அதற்கு ஒரு கொல்லர்தான் பதில் சொல்ல முடியும்.

இன்று காலை நம் ஸ்மித்தி ஷாப்பைப் பார்த்தேன். நான்கு உலையில் மூன்றின் மேல் உடைந்த நாற்காலி. பாடத்திட்டத்தில் இப்போது ஸ்மித்தி 'செய்து காட்டல்' மட்டும்தானாம். இடத்தை வாகன நிறுத்தமாக மாற்ற யோசனை இருப்பதாகவும் கேள்வி. முதல்வர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதைத் தள்ளிப் போடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். சுற்று வட்டாரக் கொல்லர்களை வரவழைப்போம். அவர்களுக்கு அந்த இரண்டு நாள் கூலி நஷ்டம். ஆகவே சால்வை போர்த்தி அனுப்பக் கூடாது, சம்பளம் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷச் செலவு என்னுடையது. மெட்டலர்ஜி மாணவர்கள் பக்கத்தில் நின்று நிறத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். கரி, துருத்தி ஏற்பாட்டை எங்கள் பேட்ச் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேர் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்கள்.

ஷெட் சாவி ஒர்க்‌ஷாப் உதவியாளரிடம் இருக்கிறது. சாப்பாடு முடிந்து நாற்காலிகளை அகற்றப் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.