முதல் வேடம்



கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடியறை. கோடை விடுமுறை. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறான். இணையத்தின் வழியே பல நாட்டினரும் கூடி ஆடும் மாயக்கதை விளையாட்டு ஒன்றில் அன்றுதான் அவன் அடியெடுத்து வைக்கிறான். திரையில் காடும் மலையும் தோன்றுமுன், பகைவன் ஒருவனையேனும் அவன் காணுமுன், அவ்விளையாட்டு அவனை ஒரு கேள்வி கேட்கிறது: நீ யார்? வாளேந்திய மறவனா, தீயை ஏவும் மந்திரவாதியா, புண்ணாற்றும் குருவா, இருளிற் பதுங்கும் கள்வனா, வில்லும் விலங்குத் துணையும் உடைய வேட்டுவனா? ஒன்றைத் தொட்டால்தான் கதவு திறக்கும். நாட்டையே காணாதவன் அந்நாட்டில் தான் ஆற்றப்போகும் தொழிலை முதலில் தேர்ந்தாக வேண்டும். படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இறுதியில் எவன் கையில் பெரிய வாள் இருக்கிறதோ அவனைத் தேர்கிறான். சிறுவர் பலர் அப்படித்தான் தேர்வர்.

இவ்வேறுபாட்டை விளையாடுவோர் 'கிளாஸ்' என்கின்றனர். அதனை 'வகுப்பு' என்று பெயர்த்தால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும்; சாதிச் சான்றிதழும் கூடவே வரும். திருச்சிராப்பள்ளி மக்களுக்கு இதனினும் பொருத்தமான சொல் முன்பே கிடைத்திருக்கிறது. அது 'பார்ட்' என்பது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நாடகக் கம்பெனிகள் தம் நடிகரை வகுத்து வைத்திருந்தன. சொல் அயற்சொல்லே எனினும் தமிழ் மேடையில் நெடுங்காலம் புழங்கித் தமிழ்த்தன்மை பெற்றுவிட்டது. 'வேடம்' என்பது அதற்கு நேரான தமிழ். அச்சொல்லே இவ்வுரையில் ஆளப்படுகிறது.

ஒப்புமை வெறும் பெயரளவில் நிற்பதன்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டினை வெளியிட்டனர். தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு, நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து ஆடியது அது. அதில் வேடங்கள் மூன்றே: மறவன், மந்திரவாதி, குரு. மறுஆண்டே நான்காவதாக ஒரு வேடம் வந்து சேர்ந்தது. அது கள்வன். நம்மூர் மேடையில் ராஜபார்ட்டுக்கு எதிரே கள்ளபார்ட் எதற்காகத் தோன்றியதோ, அதே தேவைக்காகத்தான் அங்கும் கள்வன் தோன்றினான் எனலாம். நேர்வழியிற் செல்லும் வீரன் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் கதை நடத்த இயலாது.

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் என்பவர் வளர்த்த விளையாட்டு, பலர் ஒரே வேளையில் கணிப்பொறி வழியே கூடியாடும் இவ்வகைக்கு முன்னோடியாகும். அதில் படமே கிடையாது. காடும் குகையும் கடலும் சொற்களாலேயே காட்டப்பெற்றன. கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் அச்செய்தி குறிப்பிடத்தக்கது. பின்னர் 1999-இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' 14 வேடங்களைத் தந்தது. 2004-இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' தொடக்கத்தில் 9 வேடங்களைத் தந்தது.

புதியவன் எதனைத் தேர்வது? குழுவாகச் சேர்ந்து போரிடும்போது இத்தகைய விளையாட்டுகளில் பணிகள் பெரும்பாலும் மூன்றாகப் பிரிகின்றன. பகைவனின் சினத்தையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொண்டு அடியைத் தாங்குபவன் ஒருவன். அவனும் பிறரும் மடியாதபடி புண்ணை ஆற்றிக்கொண்டே இருப்பவன் ஒருவன். எஞ்சியோர் தாக்குபவர். ஐவர் கொண்ட குழுவில் தாக்குபவர் மூவர். அம்மூவருள் ஒருவன் தடுமாறினால் போர் சற்று நீளும், அவ்வளவே. தாங்குபவனோ ஆற்றுபவனோ பிழைத்தால் ஐவரும் மடிவர். இதனை அறியாமல்தான் சிறுவன் பெரிய வாளைத் தேர்கிறான். வாளுடையவன் முன்னே செல்வான், வழி அறிவான், எந்தப் பகையை முதலில் எதிர்ப்பதென்று தெரிந்திருப்பான் என்று குழு எதிர்பார்க்கிறது. அவனுக்கோ ஒன்றும் தெரியாது. முகமறியாத நால்வர் அவனைக் கடிந்து எழுதுகின்றனர். அன்றிரவே கணிப்பொறியை அணைத்துவிட்டுப் போகிறவன் மறுபடி வருவதில்லை. அவன் போனதை எவரும் கவனிப்பதுமில்லை.

அனுபவமுடையோர் புதியவனுக்கு வேட்டுவன் வேடத்தைப் பரிந்துரைப்பதன் காரணமும் இதுவே. வேட்டுவன் தொலைவில் நின்று அம்பெய்கிறான். அவன் வளர்த்த விலங்கு முன்சென்று அடியை வாங்கிக்கொள்கிறது. பிழை செய்தாலும் அவனுக்கு நின்று பார்க்கச் சிறிது நேரம் கிடைக்கிறது.

இதே சிக்கலைத் திருச்சி மண்ணில் வேறொரு வகையில் தீர்த்துவைத்தவர் ஒருவர் உண்டு. ரயில்வே அதிகாரியாக இருந்து, 1914-இல் ரசிக ரஞ்சனி சபாவைத் தோற்றுவித்த எஃப்.ஜி. நடேசையர் அவர். தொடர்வண்டியில் பாடிக்கொண்டிருந்த சிறுமி கே.பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்டு அவரை நாடக மேடைக்கு ஆற்றுப்படுத்தியவரும் அவரே என்பர். 1910-இல் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் பத்து வயதளவில் அவர் கண்ணிற் பட்டார். பாடும் திறம் அச்சிறுவனிடம் அப்போதே இருந்தது. எனினும் நடேசையர் அவருக்கு அளித்தது அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடம்.

அவ்வேடத்தின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். லோகிதாசன் அரவு தீண்டி இறப்பவன். நாடகத்தின் உச்சமான மயானக் காட்சியில் சந்திரமதி புலம்புகிறாள்; அரிச்சந்திரன் தடுமாறுகிறான்; அவை முழுவதும் அழுகிறது. அத்தனைக்கும் நடுவே சிறுவன் பிணமாகக் கிடக்க வேண்டும். மேடையின் மையத்தில் அவன் இருக்கிறான். ஆனால் காட்சியின் சுமை அவன்மேல் இல்லை. தேர்ந்த நடிகர் இருவரின் பாட்டையும் மூச்சையும், பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையே அவர்கள் விடும் மௌனத்தையும், கண்ணை மூடியவாறே மிக அண்மையிலிருந்து கேட்கிறான். கற்றுக்கொள்வதற்கு இதனினும் நல்ல இடம் அரங்கில் வேறு உண்டா என்பது ஐயமே. பின்னர் 1926-இல் பொன்மலையில் 'பவளக்கொடி' நாடகத்தில் அவர் அருச்சுனனாக வந்தார். 1934-இல் அதே கதை திரைப்படமாகி அவரைத் தமிழகம் எங்கும் அறிமுகம் செய்தது.

தேர்ந்து கொடுப்பவர் ஒருவர் இருந்தார் என்பதே கம்பெனிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள பெரிய வேறுபாடு. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவரின் குரலையும் உருவத்தையும் ஆராய்ந்து வேடம் வகுத்தவர். சிறுவனாகிய தி.க. சண்முகத்தை மனத்திற்கொண்டு 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தையே ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் பேசப்படும் செய்தி. ஆளுக்கேற்ற வேடம் அங்கே புதிதாகப் படைக்கப்பட்டது. கணிப்பொறி அதனைச் செய்யாது.

ஆனால் தேர்ந்து கொடுக்கும் முறையையும் மிகையாகப் போற்றுதல் தகாது. கம்பெனிச் சிறுவர்களுக்கு அதில் உரிமை ஏதும் இருக்கவில்லை. கொடுத்த வேடத்தை ஏற்க வேண்டும். பிரம்படியும் ஏற்க வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும். அதனை அக்காலத்தவர் 'மகரக்கட்டு' என்றனர். நேற்றுவரை தமயந்தியாகவும் சாவித்திரியாகவும் பாடிக் கைத்தட்டல் பெற்ற சிறுவன், ஒரு திங்களில் எந்த வேடத்திற்கும் ஆகாதவன் ஆகிவிடுவான். அதைத் தாண்டி வேறு வேடம் பெற்றவர்களின் பெயர்களே வரலாற்றில் நிற்கின்றன. பெறாதவர்களின் பெயர்கள் எவர்க்கும் தெரியவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளும் இளமையில் எமன், இரணியன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களைத் தாங்கியவர். அவர்தம் எமன் கோலத்தைக் கண்டு சூல்கொண்ட பெண்ணொருத்தி அஞ்சிக் கருவிழந்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டு ஆசிரியராயினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முதல் வேடம் ஒருவரை அரங்கை விட்டே பெயர்த்து, அவர் உண்மையாகவே நிற்க வேண்டிய இடத்திற்குக் கொண்டுசேர்த்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கே.கே. நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர் சிவாஜி கணேசன். கட்டபொம்மன் நாடகத்தைக் கண்டு, அவ்வீரனைப்போல் ஆக வேண்டும் என்னும் வேட்கையோடு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்த சிறுவன் அவர். இன்றைய சிறுவனைப் போலவே அவருக்கும் வேண்டியிருந்தது பெரிய வாள்தான். கிடைத்ததோ இராமாயணத்தில் சீதை. பின்னர் அதே கம்பெனியில் பரதன், சூர்ப்பணகை, இந்திரஜித்து என்று மாறி மாறி வேடம் தாங்கினார். சீதையாக நின்று இராவணனை அஞ்சியவரே, இந்திரஜித்தாக நின்று இராமனை எதிர்க்கவும் கற்றார். அவர் விரும்பிய கட்டபொம்மன் வேடம் 1959-இல் திரைப்படமாக வந்தது. 1964-இல் 'நவராத்திரி'யில் ஒன்பது வேடம் புனைந்ததை அறியாதார் இலர். பெண்கள் பக்கம் நோக்கின், சுந்தராம்பாள் 1935-இல் 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். இன்று விளையாட்டில் ஒரு சிறுமி தாடியுடைய மறவனாக ஆடுவதைக் கண்டு வியப்போர் இதனையும் நினைவிற் கொள்ளலாம்.

வேடத்தை மாற்றிக்கொள்ளும் இவ்வாய்ப்பு எல்லா விளையாட்டிலும் இல்லை. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'டில் ஒருமுறை மறவனாகப் பிறந்தவன் குருவாக முடியாது. தொடக்கக் காலத்தில் 60 படிகள் ஏறியவன் ஆயினும், வேறு வேடம் வேண்டுமெனில் புதிய பெயரோடு முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும். 2013-இல் திருத்தி வெளியிடப்பெற்ற 'ஃபைனல் ஃபேன்டசி 14'-இல் நிலைமை வேறு. அங்குக் கையிலுள்ள கருவியை மாற்றினால் வேடமும் மாறும். ஆள் அவனே, பெயரும் அதுவே. தொடக்க வேடம் எந்த நகரில் அவன் கண்விழிப்பான் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. புதியவனிடம் அன்புடைய விளையாட்டு இதுவே.

கவிஞர்க்கு நெருங்கிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இவ்விளையாட்டுகளில் பாணன் என்னும் வேடமும் உண்டு. 'எவர்குவெஸ்ட்'டின் 14 வேடங்களுள் பாணனும் ஒருவன். அவன் பாடுங்கால் உடன்வருவோர் விரைந்து நடப்பர், தளர்ந்தோர் தேறுவர். பாட்டு நின்றால் அதன் பயனும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆதலின் அவன் சில நொடிக்கு ஒருமுறை ஒரு பாட்டிலிருந்து மறு பாட்டுக்குத் தாவிக்கொண்டே இருத்தல் வேண்டும். கை ஓயாத வேடம் அது.

இதைவிட வியப்பானது 1978-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிநூல். அதன்படி எவரும் பாணனாகத் தொடங்கவே இயலாது. முதலில் மறவனாகக் குறைந்தது 5 படிகள் ஏற வேண்டும். பின் அதனை விட்டுக் கள்வனாக மேலும் 5 படிகளாவது ஏற வேண்டும். அதன் பின்னரே பாணனாகப் பாடத் தொடங்கலாம். அடிபட்டுத் தாங்கியவனும், பிறர் பொருளில் கைவைத்து மறைந்து வாழ்ந்தவனுமே பாடத் தகுதியுடையவன் என்று அவ்விதியை வகுத்தோர் கருதினர் போலும். முன்னோர் பாட்டிலிருந்து திருடாத இளங்கவிஞர் எவரேனும் இவ்வவையில் இருப்பின் அவர் மட்டும் அவ்விதியை மறுக்கலாம்.

இலக்கிய வட்டங்களில் புதிதாக வரும் இளைஞரிடம் இக்கேள்வி ஒவ்வொரு திங்களும் எழத்தான் செய்கிறது. வெண்பா வல்லவர், வெண்பாவில் தொடங்கு என்பார். தளை தட்டினால் உடனே தெரிந்துவிடும் பாவகை அது. ஐவர் குழுவில் ஆற்றுபவனின் வேடத்தைப் போன்றது. ஆசிரியப்பாவோ சற்று இளைப்பாற இடம் தருவது. புதுக்கவிதைக்காரர், யாப்பே வேண்டா என்பார். அது எளிய வேடம் போலத் தோன்றுவது. உண்மையில் எங்கே பிழைத்தோம் என்பதையே காட்டாத வேடம். ஐக்கூவின் மூன்றடியைக் கண்டு அதனைத் தேர்வோர் பெரிய வாளைத் தேர்ந்த சிறுவனின் உடன்பிறந்தோர் ஆவர். ஒவ்வொருவரும் தாம் ஏறிவந்த படியையே முதற்படி என்று காட்டுகின்றனர். கேட்கும் இளைஞரின் குரல் எத்தகையது என்று கேட்டுப் பார்ப்போர் சிலரே. முதற்கூட்டத்திலேயே சீர்பிரித்துத் திருத்தப்பெற்று, மறுகூட்டத்திற்கு வராமற்போனவர் பெயர்கள் எந்த வட்டத்தின் வருகைப் பதிவேட்டிலும் ஒரே ஒருமுறைதான் இருக்கும்.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. அவற்றின் அமைப்பு இவ்விடத்தில் நோக்கத்தக்கது. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் ஒருவனை வழியிற் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்கிறான். பாணனுக்குப் பாணனும் கூத்தனுக்குக் கூத்தனும் என்று, தொழிலறிந்தவரே தொழிலறிந்தவர்க்கு வழி சொல்லும் மரபு அது. சீறியாழ் உடையவனிடம் பேரியாழை எடுத்துக்கொள் என்று சொல்வதில்லை. அவன் கையில் உள்ளது எதுவோ அதனோடு செல்லத்தக்க வழியையே சொல்கிறார்கள். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் அச்சமுள்ள இடங்களை ஒன்றும் மறையாமற் கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், பாம்பு ஒடுங்கிய குழிகள் எங்கே உள்ளன, இரவில் எந்தக் குடியில் எவ்வகை உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உண்டு. நன்னனின் பெருமை அதில் விரிவாகவே பேசப்படுகிறது. ஆனால் அவன் திருமுன் சென்று நிற்குமுன் கூத்தர் கடக்க வேண்டிய மலைவழியே நூலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.