இருப்புப்பாதைப் பாட்டனார்



புகைவண்டியைப் பாடாத கவிஞர் அரியர். அதன் பாதையைக் காத்தவரைப் பாடியோரோ அவரினும் அரியர். செங்கற்பட்டின் பழைய குடும்பங்கள் சிலவற்றில், "தாத்தா ரயில்வே எஞ்சினியர்" என்னும் ஒரு தொடர் மட்டுமே எஞ்சி நிற்கிறது. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பேரர்கள் டிராலியையும் கறுப்புக் குடையையும் கூறுவர். அதற்குமேல் கூற அறியார்.

அவர் காத்தது இடைவெளியை. 12 மீட்டர் நீளத் தண்டவாளம், வெப்பம் 40 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிடின் கோடையில் பாதை பாம்பெனக் கோணும். கவிஞர்கள் தாளம் என்று மகிழ்ந்த 'தடக் தடக்' ஒலி அந்த இடைவெளியின் ஒலியே. தண்டவாளங்கள் நீளப் பற்றவைக்கப்பட்ட பின் அத்தாளமும் பெரிதும் அடங்கிவிட்டது.

எனினும் கோடையினும் கொடியது ஐப்பசி, கார்த்திகை. மாமல்லபுரக் கரையில் புயல் திரண்டால் கொளவாய் ஏரியின் நீர்மட்டமும் பாலாற்றின் வரத்துமே அவ்வீடுகளில் இரவுப் பேச்சு. வெள்ளம் பாலத்தின் கரைத்தாங்கிக்குப் பின்னுள்ள மண்ணை அரித்துச் செல்லும். ஸ்லீப்பர் கட்டைகளோடு தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். இருளில் பார்ப்போர்க்கு அது முழுமையான பாதையாகவே தோன்றும். விளக்கும் வெடியும் ஏந்தி மழையில் நடந்த கேங்மேன் அறியாவிடில், எஞ்சின் ஓட்டுநர் அறிய வழியில்லை.

1956 நவம்பர் 22 இரவு எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் செங்கற்பட்டைக் கடந்தே சென்றது. மறுநாள் விடியுமுன் அரியலூரை அடுத்த மருதையாற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சராயிருந்த ஓ. வி. அழகேசன் செங்கற்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் ஆவார். அமைச்சர் விலகியதை வரலாறு நினைவில் கொண்டுள்ளது. அதன்பின் ஒவ்வொரு மழை இரவிலும் உறங்காதிருந்த பொறியாளரை அது குறித்துவைக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு இன்றளவும் இருப்புப்பாதை இல்லை. பக்கிங்காம் கால்வாய்தான் அதன் பின்புறமாகச் செல்கிறது. ஆயினும் கடற்கரைக் கோயிலைக் காத்து நிற்கும் கற்குவியலைக் கண்டால் பாலப் பொறியாளர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. கடலாயினும் பாலாறாயினும் நீர் கை வைப்பது அடிவாரத்தில்தான்.

2004ஆம் ஆண்டில் கடற்கரை–தாம்பரம் தடத்திலும் மீட்டர்கேஜ் ஓய்ந்தது. அப்பாதையில் மழைக்கால இரவுகளைக் கழித்தோருள் இன்றிருப்போர் சிலரே. நம் இளங்கவிஞர்கள் குறிப்பேட்டுடன் அவர்தம் திண்ணைக்குச் செல்லவேண்டும். கதை சொல்லுங்கள் என்றால் அவர்கள் வாய் திறவார். எந்தப் பாலத்துக்கு அஞ்சினீர்கள் என்று கேளுங்கள். பாலத்தின் எண்ணோடு விடை வரும்.