சோறும் ரொட்டியும்

அந்நிய மொழியைப் பயில்வோர்க்கு அதன் இலக்கணம் தரும் தொல்லையினும் அதன் வழக்குத் தொடர்கள் தரும் தொல்லை பெரிது. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் ஆலை அமைக்க முற்பட்டபின், கொரிய நாட்டினர் பலர் இப்பகுதிக்கு வரலாயினர். அவர்கட்கும் நமக்கும் இடையே வாணிகப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. இருவர்க்கும் அஃது இரவல் மொழிதான்.

அவ்வாறு வந்த அன்பர் ஒருவர் என்னிடம் ஆங்கிலம் பயின்றார். உதிரிப்பாகம் செய்து தரும் தமிழர் ஒருவர் அவரிடம், "இந்தப் பாகமே எங்கள் பிரெட் அண்ட் பட்டர்" என்றாராம். மோட்டார் உறுப்புச் செய்பவருக்கு ரொட்டிக்கடையும் உண்டோ என மயங்கினார் அன்பர். 'சோறு போடும் தொழில்' என்பதே பொருள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கொரிய மொழியிலும் 'பாப்பொரி' என்றொரு சொல் உண்டு. 'பாப்' என்பது சோறு. 'பொரி' என்பது ஈட்டம். (நாம் கொறிக்கும் பொரி அன்று!) கோதுமையுண்ணும் நாட்டார் ரொட்டியைச் சொல்ல, நெல்லுண்ணும் நாம் இருவரும் சோற்றைச் சொல்கிறோம்.

நான் அத்துடன் நிறுத்தியது பிழை. மறுநாள் அவர், "அம்மனிதர் அத்துணை இன்னலிலா இருக்கிறார்? அவருடன் ஆண்டு ஒப்பந்தம் செய்வது தகுமா?" என்றார். திடுக்கிட்டேன். நம் 'வயிற்றுப் பிழைப்பு' என்பதைப் போலவே, கொரியச் சொல்லிலும் வேறு வழியின்றி உழைக்கும் சலிப்பு பல வேளைகளில் கலந்திருக்கும். ஆங்கிலத் தொடரில் பகட்டின்மை உண்டு, இரக்கம் இல்லை. தவறாது வருவாய் தந்து, புது முயற்சிகளின் செலவையும் தாங்கி நிற்கும் தொழிலையே வாணிகர் அவ்வாறு கூறுவர். என் அரைகுறை விளக்கத்தால் ஒருவருடைய ஒப்பந்தமே கெடவிருந்தது.

சொல்லிப் பயனில்லை எனக் கண்டு, அவரைத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் அழைத்துச் சென்றேன். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத் தொழில் நடக்கும் ஊர் அது. பட்டறை ஒன்றில், கோயிலுக்கென மாதக்கணக்கில் செதுக்கப்படும் ஆளுயரத் திருமேனி. வாயிலிலோ, பயணிகளுக்கென மாக்கல்லில் செய்த சிறு யானைகள். "பெரிய வேலை வரும், வராமலும் போகும். வீட்டுக்குச் சோறு போடுவன இந்த யானைகளே" என்றார் சிற்பி, உளியை நிறுத்தாமலே. நான் மொழிபெயர்த்தேன். அன்பர் சொல்லைக் காட்டிலும் சிற்பியின் முகத்தையே கூர்ந்து நோக்கினார். அதில் சலிப்பேதும் இல்லை.

இரண்டு யானைகள் வாங்கினார். தம் குறிப்பேட்டில் 'பாப்பொரி' என முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு யானையை வரைந்துகொண்டார். ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்தாயிற்று.