சிறுவரும் வரப்புப் பூண்டுகளும்



வரப்பிலும் புறம்போக்கிலும் தாமே முளைத்து நிற்கும் பூண்டுகளைச் சிறுவர் அறியும்படி செய்வதற்குப் புஸ்தகம் வேண்டுவதில்லை. செடியின் பெயரை முன்னதாகக் கூறிவிடாமல், அடையாளத்தை மட்டும் கூறித் தேடிவரச் சொல்லுதல் நலம். இலையின் கீழே நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாய்த் தொங்குவது எது என்று வினவினால், கீழாநெல்லியைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்; பின் அப்பெயரை ஒருநாளும் மறவாது. வேட்டியில் ஒட்டிவந்த நாயுருவி விதையோ, விதைகள் ஊர்விட்டு ஊர் செல்லும் வகையைப் போதிக்கும்.

தழையுரமாக மடக்கி உழும் கொளிஞ்சியை, மழை பெய்த மறுநாள் வேரோடு மெதுவாய் எடுக்கச் செய்யுங்கள். வேரில் சிறு முண்டுகள் காணப்படும். நகத்தால் கிள்ளினால், நன்கு வேலைசெய்யும் முண்டின் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். முண்டுகள் உள்ள இவ்வினச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்திக் கொள்கின்றன என்பதை 1888-ம் ஆண்டில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானிய சாஸ்திரிகள் விளக்கி வெளியிட்டனர். சங்கத்தில் கடன்பெற்று உரம் வாங்கும் அங்கத்தினர், பிள்ளையோடு தாமும் குனிந்து பார்ப்பது நஷ்டமன்று.

இத்தனைக்கும் முன்னர் ஓர் எச்சரிக்கை அவசியம். முள்ளுக்காய் காய்க்கும் ஊமத்தையும், கருங்கண்ணுடைய சிவந்த குன்றிமணியும் குழந்தையின் கண்ணைக் கவர்வன; இரண்டும் கொடிய விஷம். மென்று விழுங்கிய குன்றிமணி உயிரையே போக்கவல்லது. இவற்றைப் பெரியவர்கள் முதல்நாளே காட்டிக்கொடுக்க வேண்டும். எதையும் கேளாமல் வாயிலிடலாகாது. தின்றதாக ஐயம் தோன்றின், கைவைத்தியத்தில் காலம் போக்காமல், மிஞ்சிய காயையோ விதையையோ எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுக.