வேரும் கிளையும்

ஈன்றெடுத்தவள் தேவகி, எடுத்து வளர்த்தவள் யசோதை. கண்ணனுக்கு இருவரும் தாயரே. திருவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கிடந்த பெண் மகவைக் கண்டெடுத்து, கோதை என்று பெயரிட்டு வளர்த்தவர் பெரியாழ்வார் என்று மரபு வழியாக அறிகிறோம். இவற்றைக் கதையாகக் கேட்கும்போது நம் உள்ளம் உருகுகிறது. ஆனால் அத்தகைய குழந்தை ஒன்று நம் அடுத்த வீட்டிலேயே வளருமானால், அதனிடமும் அதன் தாயிடமும் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? இந்தக் கேள்விக்கு நான் அளித்த முதல் விடை பிழையான விடை. அந்தப் பிழையைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்ததைப் பற்றியும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

2001-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியின் பொருட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குச் சென்று இரண்டாண்டுகள் தங்கினேன். அடுத்த வீட்டில் ஓர் அம்மையாரும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் வாழ்ந்தனர். அம்மையார் ஒரு நூலகத்தில் பணி புரிந்தார். வயது நாற்பத்தைந்து; மணம் செய்துகொள்ளாதவர். சிறுமி பிறந்ததோ தென் சீனத்தில். பிறந்த சில நாட்களில் ஒரு சந்தை வாயிலில் துணியிற் சுற்றிக் கிடந்தாள். குழந்தைகள் இல்லத்தார் அவளை எடுத்துச் சென்று, அவள் பிறந்த நாள் இதுவாக இருக்கலாம் என்று ஒரு நாளைக் குறித்து, ஒரு பெயரும் இட்டனர். 1998-இல், பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது, அம்மையார் அவளைத் தத்தெடுத்தார்.

சீனக் குழந்தை அமெரிக்கத் தாயிடம் வந்து சேர்ந்தது எவ்வாறு? 1980 அளவில் சீன அரசு, ஒரு குடும்பத்திற்கு ஒரே குழந்தை என்னும் கொள்கையை நாடெங்கும் வகுத்தது. மிகுதியாகப் பெற்றோர்க்குக் கடுந்தண்டம் விதிக்கப்பட்டது. முதுமையில் தம்மைக் காப்பவன் மகனே என்று நம்பிய உழவர் குடும்பங்கள் பல, பிறந்த பெண் மகவைப் பிறர் கண்ணிற் படும் இடத்தில் விட்டுச் சென்றன. 1992-இல் நடைமுறைக்கு வந்த தத்துச் சட்டம் அயல்நாட்டாருக்கும் வழி திறந்தது. முப்பத்தைந்து வயது கடந்த, குழந்தையற்றவர்களே தத்தெடுக்கலாம் என்பது அன்றைய விதி. மணமாகாத பெண்களுக்கும் தடை இல்லை. சீனத்திலேயே இக்குழந்தைகளை எடுத்து வளர்க்க விரும்பிய குடும்பங்கள் பல உண்டென்றும், இந்த விதியே அவர்களைத் தடுத்தது என்றும் கே ஆன் ஜான்சன் என்னும் அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டுச் சீனரைப் பழிக்க முற்படுவோமானால், ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அதே 1992-ஆம் ஆண்டிலேதான் பெண் சிசுக்களைக் காப்பதற்காக நம் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று.

அம்மையாரின் நாள் விடியற்காலையில் தொடங்கும். மகளை எழுப்பி, உணவூட்டி, குழந்தைக் காப்பகத்தில் விட்டுப் பணிக்குச் செல்வார். மாலை ஆறு மணிக்குக் காப்பகம் மூடப்படும். தாமதமானால் நிமிடக் கணக்கில் தண்டம் கட்ட வேண்டும். பனிப் பொழிவில் வண்டி நின்றுபோனால் அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லை. இரவில் குழந்தை அழுதால், இம்முறை நீ எழுந்து பார் என்று சொல்லவும் ஆள் இல்லை. அவர் இதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைத்தெருவில் காண்போர், "இக்குழந்தை செய்த புண்ணியமே புண்ணியம்" என்று பாராட்டும்போதுதான் அவர் முகம் வாடும். ஒருமுறை என்னிடம், "ஓராண்டு நிறையும் முன்னே தாயையும் மொழியையும் நாட்டையும் இழந்தவள் இவள். இதையா நற்பேறு என்கிறார்கள்? நற்பேறு பெற்றவள் நான்" என்றார்.

இவ்வளவு கேட்டும் எனக்கு அறிவு வரவில்லை. ஒரு நாள் மாலை வீட்டின் பின்புறத்தில் பேசிக்கொண்டிருந்தோம். சிறுமி அருகே மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். யாதொரு தீய எண்ணமும் இன்றி நான், "இவளுடைய உண்மையான தாய் யாரென்று தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். மணலை அள்ளிய சிறு கை அப்படியே நின்றது. அம்மையார் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தே விடை கூறினார்: "உன்னைப் பெற்ற தாய் சீனத்தில் இருக்கிறாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது. உன்னை வளர்க்கும் தாய் நான். எங்கள் இருவரில் பொய்யானவர் ஒருவரும் இல்லை."

அன்றிரவு மகள் உறங்கிய பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்; ஆனால் அந்தக் கேள்வியைச் சுமப்பவள் அவள். அவள் கதை அவளுடைய உடைமை. வளர்ந்த பின் அவள் விரும்பினால் உங்களிடம் சொல்லட்டும்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே எனக்கு நாணம் மிகுந்தது. அடுத்த இரண்டு வாரங்களும் அச்சிறுமி காப்பக வாயிலில் தாயின் கையை விட மறுத்து அழுதாள். நான் கேட்ட ஒரு சொல்லின் விலை அது.

பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு மறு குளிர்காலத்தில் வந்தது. அம்மையார் கடுங்காய்ச்சலில் விழுந்தார். இரண்டு இரவுகள் சிறுமி என் வீட்டில் தங்கினாள். என்னை "அத்தை" என்று அழைக்கக் கற்றிருந்தாள். விளக்கை அணைத்த பிறகு இருளில் கேட்டாள்: "அத்தை, அம்மாவுக்குக் காய்ச்சல் தீராவிட்டால் என்னை எங்கே அனுப்புவார்கள்?"

தந்தையும் தாயும் உள்ள குழந்தைக்கு இக்கேள்வி எளிதில் தோன்றாது. ஒருமுறை கைவிடப்பட்டு, ஒரே ஒருவரை நம்பி வாழும் குழந்தைக்கு இது தோன்றாமல் இராது. "அப்படியெல்லாம் பேசாதே, உறங்கு" என்று சொல்ல என் நா எழுந்தது. ஆனால் மணலில் நின்றுபோன அந்தச் சிறு கை நினைவிற்கு வந்தது. மறுநாட் காலையில் தாயின் இசைவு பெற்று, அவளை அவள் வீட்டுச் சமையலறைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. தமக்கு ஏதேனும் நேர்ந்தால் அழைக்க வேண்டிய மூவரின் தொலைபேசி எண்கள் அதில் இருந்தன. குழந்தையைத் தம் தங்கையே வளர்க்க வேண்டும் என்று அம்மையார் உயிலும் எழுதி வைத்திருந்தார். தத்துக் கொடுக்கும் முன் வீட்டை ஆராய வந்த சமூகப் பணியாளர் கேட்ட கேள்விகளுள் அதுவும் ஒன்றாம். "அம்மாவின் காய்ச்சல் தீர்ந்துவிடும். ஆனால் நீ கேட்டாய் அல்லவா? இதோ விடை. உன்னை யாரும் எங்கும் விட்டுவிட மாட்டார்கள்" என்று அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துகள் அப்போதுதான் பழகியிருந்தன. ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்துத் தானும் படித்தாள். அன்றிரவு விரைவில் உறங்கிவிட்டாள்.

அவ்வாண்டே பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். பாட்டன் பாட்டியர் பெயர்களைக் கிளைகளில் எழுத வேண்டும். பிறந்தபோது எடுத்த படத்தையும் ஒட்ட வேண்டும். அவளிடம் அத்தகைய படம் ஏது? தாயும் மகளும் மேசையில் அமர்ந்து வெகுநேரம் பேசினார்கள். முடிவில் அவள் வரைந்த மரத்தில் கிளைகளில் தாயும் சிற்றன்னையும் பாட்டியும் இருந்தனர். மற்றக் குழந்தைகள் வரையாத ஒன்றையும் அவள் வரைந்திருந்தாள். மண்ணுக்கு அடியில் நீண்ட வேர்கள் சிவப்பு வண்ணத்தில் ஓடின. அவற்றில் பெயர் இல்லை. "இவர்கள் சீனத்தில் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு" என்று எனக்கு விளக்கினாள்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை எண்ணினேன். பெற்ற தாய் விட்டுச் சென்ற அக்குழந்தைக்கு ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிற்று. இளம்பூதி என்னும் அந்தணன் அவனை எடுத்து வளர்த்துக் கல்வியும் அளித்தான். ஆனால் வேள்விப் பசுவைக் காக்க அவன் துணிந்தபோது, ஊரார் அவன் பிறப்பைச் சொல்லி இழித்தனர். ஆபுத்திரன் அஞ்சாது விடை பகர்ந்தான். வளர்த்த தந்தையோ அவனைக் கைவிட்டான். வளர்ப்பது என்பது சோறும் கல்வியும் தருவதோடு முடிவதன்று. பிறப்பைக் காட்டி உலகம் கேள்வி கேட்கும் நாளில் குழந்தையின் பக்கத்தில் நிற்பதே வளர்ப்பின் முடிவான சோதனை. இளம்பூதி தவறிய அச்சோதனையில் என் அண்டை வீட்டு அம்மையார் நாள்தோறும் தேறினார்.

உண்மை எப்போதும் இனிமையாக இருப்பதில்லை. சீனத்தின் ஹூனான் மாகாணத்தில் சில இல்லங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கி அயல்நாட்டாருக்குத் தத்துக் கொடுத்த செய்தி 2005-இல் வெளிப்பட்டது. அம்மையாரின் மகள் அம்மாகாணத்தவள் அல்லள். ஆயினும் அச்செய்தியை அவர் ஒளிக்கவில்லை. மகள் கேட்கும் வயதை அடைந்தபோது தாமே எடுத்துச் சொன்னதாக எனக்குக் கடிதம் எழுதினார். 2007-இல் மணமாகாதவர்களின் விண்ணப்பங்களை ஏற்பதைச் சீனா நிறுத்திற்று. 2011-இல் தனிக் கவனிப்பு வேண்டும் குழந்தைகளுக்கு மட்டும் மீண்டும் இடமளித்தது. ஒரு குழந்தைக் கொள்கை 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுற்றது. 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர்க்கன்றி அயல்நாட்டார்க்குத் தத்துக் கொடுப்பதில்லை என்று சீனா அறிவித்தது. அதற்குள் 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் கடல் கடந்து சென்றிருந்தனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதப்படாத வேர்கள் உண்டு.

அன்றைய சிறுமி இன்று இளமங்கை. தன்னைப் பெற்றவர்களைத் தேடித் தன் மரபணுவைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். இன்னும் விடை வரவில்லை. அச்சோதனைக்கு அவளோடு துணை சென்றவர் வளர்த்த தாயே.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் தத்தெடுக்கப்பட்ட தோழன் ஒருவன் இருக்கலாம். தாய் ஒருத்தியாலேயே வளர்க்கப்படும் தோழி ஒருத்தி இருக்கலாம். அவர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. நான் அன்று கேட்ட கேள்வியை நீங்கள் கேளாதிருங்கள். அவர்களாகவே தம் கதையைச் சொல்ல முன்வரும் நாளில், அமைதியாக அருகே அமர்ந்து கேளுங்கள்.