உழவு வந்ததா, உழவர் வந்தனரா?

ஐரோப்பியப் புதிய கற்காலத்தைப் பற்றிய பழைய வழக்கு ஒன்று ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. கோதுமையும் ஆடுமாடுகளும் கைமாறிக் கைமாறிப் பரவினவா, அவற்றை ஓட்டிக்கொண்டு குடும்பங்களே பெயர்ந்து வந்தனவா என்பதே வழக்கு. வேளாண்மை ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கிலோமீட்டர் நகர்ந்தது என்று 1971இல் தொல்லியலாளர் அம்மர்மனும் மரபியலாளர் கவாலி-ஸ்ஃபோர்சாவும் கணக்கிட்டனர். மக்கள் பெருகி நகர்ந்ததே காரணம் என்றும் வாதிட்டனர். தொல்லியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. பழைய எலும்பிலிருந்தே டி.என்.ஏ.வைப் படிக்க முடிந்தபின் விடை தெளிவாயிற்று. ஸ்டுட்கார்ட் அருகே கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுக்கு முற்பட்ட உழவர் குடிப் பெண்ணின் மரபணு அனத்தோலிய (இன்றைய துருக்கி) உழவர்களோடு ஒட்டுகிறது; பக்கத்து லக்ஸம்பர்க்கின் லோஷ்பூர் வேட்டையாடியோடு ஒட்டவில்லை.

ஆனால் 'வந்தார்கள்' என்பதை 'அழித்தார்கள்' என்று படிப்பது அவசரம். வன்முறைக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் ஜெர்மனியின் டால்ஹைம் புதைகுழியில் கொல்லப்பட்டுக் கிடந்த 34 பேரும் உழவர் குடியினர். மண்டையில் விழுந்த வெட்டுகள் உழவரின் கல்வாய்ச்சிக்குப் பொருந்துகின்றன. ஆகவே அது உழவர்கள் தமக்குள் தீர்த்துக்கொண்ட பகை. ஜெர்மனியின் ஹாகன் நகரருகே உள்ள பிளெட்டர்ஹோலெ குகை இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. உழவு வந்து நெடுங்காலத்துக்குப் பின்னும் அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒரு சாரார் ஆற்றுமீன் உண்டு வாழ்ந்ததை எலும்பின் ஐசோடோப்புகள் காட்டுகின்றன. அவர்களின் தாய்வழி மரபு வேட்டையாடிகளுடையது. மற்றவர்கள் வளர்ப்பு விலங்குகளை உண்டவர்கள். புதைக்கும் இடம் ஒன்று, அடுப்பு வேறு. நாலைந்து குழிகளை வைத்துக் கண்டத்தைப் பேசலாமா என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் கி.மு. 4000 வாக்கில் நடு ஐரோப்பாவிலும் ஸ்பெயினிலும் உழவர்களிடையே வேட்டையாடி மரபு கூடியதைப் பிற எலும்புகளும் காட்டுகின்றன. பிரிட்டனில் அப்படியில்லை; அங்கு உள்ளூர்க் கலப்பு மிகச் சொற்பம். கிழக்குப் பால்டிக் கரையிலோ நெடுங்காலம் உழவர் மரபு எட்டிப்பார்க்கவே இல்லை. பானை வனைதல் மட்டும் வந்தது.

மரபணுவும் பண்பாடும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை என்பதே என் வாதம். பாலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே அனத்தோலியப் பானை ஓடுகளில் பால்கொழுப்பு ஊறியிருக்கிறது. போலந்தில் பாலாடைக்கட்டி வடிகட்டிய துளைக்கலங்கள் கிடைத்துள்ளன. வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றமோ முதல் உழவர்களிடம் அநேகமாக இல்லை. வெண்கலக் காலத்துக்குப் பிறகே அது பெருகியது. உடல் பழகுமுன் கை பழகிவிட்டது. பன்றியின் கதை இதற்கு மறுதலை. உழவர்கள் மேற்காசியாவிலிருந்து ஓட்டிவந்த பன்றிகள் உள்ளூர்க் காட்டுப்பன்றிகளோடு கலந்து, சில ஆயிரம் ஆண்டுகளில் தம் பழைய மரபைப் பெரும்பாலும் இழந்தன. பன்றி வளர்ப்பு அறுபடவில்லை. இந்தக் கருத்தரங்கின் மூன்று நாளும் வாசிக்கப்படும் கட்டுரைகள், மரபணு விழுக்காட்டைச் சொல்லும்போதெல்லாம் அதே குழியின் பானையையும் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டு அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.